பிராகாரத்தில் கொஞ்சம் மண் விட்டுவையுங்கள்

சென்ற மாதம் ஒரு கடிதம் வந்தது. தாம்பரத்துக்கு அப்பால், புதிது புதிதாக வீடுகள் எழும்பிவரும் ஒரு பகுதியிலிருந்து ஓர் அம்மையார் எழுதியிருந்தார். அவர்கள் தெருவிலுள்ள சிறிய சிவாலயத்துக்கு வரும் தை மாதத்தில் குடமுழுக்கு. அதற்குள் பிராகாரம் முழுவதும் கருங்கல் பாவிவிட வேண்டும் என்று அன்பர்கள் கூடி முடிவெடுத்திருக்கிறார்கள். மழைக்காலத்தில் சேறு, கோடையில் புழுதி, வலம்வரும் முதியோருக்குக் கால் இடறல் என்று அவர்கள் சொல்லும் காரணங்கள் எல்லாமே நியாயமானவை. அம்மையாரின் கணவர் தம் ஓய்வூதியப் பணத்திலிருந்து ஒரு தொகை தருவதாக வாக்களித்தும் விட்டார். அந்த நேரத்தில், கோயில் வாசலில் பூக்கட்டி விற்கும் பெரியவர் ஒருவர், "மொத்தத்தையும் மூடிட்டா மழைத் தண்ணி எங்கம்மா போவும்?" என்று கேட்டாராம். "அன்றிலிருந்து எனக்கு மனம் அமைதியாக இல்லை. கல் பாவுவது புண்ணியமா, இல்லையா என்று தாங்கள் எழுத வேண்டும்" என்று கடிதத்தை முடித்திருந்தார்.

புண்ணியக் கணக்கு எழுதும் தகுதி எனக்கில்லை. ஆனால் பூக்காரப் பெரியவரின் கேள்விக்கு விடை எனக்குத் தெரியும். தெரிந்துகொண்ட விதம் பெருமையோடு சொல்லிக்கொள்ளத் தக்கதன்று. ஆயினும் அந்த அம்மையாரின் பொருட்டுச் சொல்லிவிடுகிறேன்.

சென்னையில் அடையாற்றுக்குத் தெற்கே, கடலிலிருந்து ஒரு மைல் தொலைவுக்குள் இருக்கிறது எங்கள் தெரு. தெருக்கோடியில் ஒரு சிவன் கோயில். பழம்பெருமை பேசும் கோயிலன்று. ஒரு சந்நிதி, ஒரு மண்டபம், ஒரு வில்வமரம், ஒரு கிணறு, சுற்றிலும் மணல். 2004-ஆம் ஆண்டு அங்கே திருப்பணி நடந்தபோது நிதி திரட்டும் பொறுப்பை நான் ஏற்றிருந்தேன். வீடு வீடாகச் சென்று, "ஒரு கல்லுக்கு இவ்வளவு, உங்கள் பெயர் அதில் பொறிக்கப்படும்" என்று கேட்டு வாங்கினேன். எதிர்பார்த்ததற்கு மேலாகவே பணம் சேர்ந்தது. சேர்ந்த பணம் தீரும்வரை கல் பாவினோம். மதிலிலிருந்து மதில்வரை பாவினோம். வில்வமரத்தின் அடிமரம்வரை, கிணற்றின் கைப்பிடிச் சுவர்வரை ஒரு விரற்கடை மண்ணும் கண்ணில் படாதபடி சிமெண்டு பூசி இடைவெளிகளை அடைத்தோம். குடமுழுக்கன்று வந்தவர்களெல்லாம், "கோயில் கண்ணாடி போல இருக்கிறது" என்று பாராட்டினார்கள். எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அந்தப் பொன்னாடை இன்றும் வீட்டுப் பீரோவில் இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் கொஞ்சம் கூச்சமாக இருக்கும்.

முதல் ஐப்பசியிலேயே ஒன்று கவனித்திருக்க வேண்டும். அதற்கு முன்னெல்லாம் எவ்வளவு மழை பெய்தாலும் அரை மணி நேரத்தில் மணல் குடித்துவிடும். கல் பாவிய பிறகு மழைநீர் கொடிமரத்தருகே தேங்கி நின்றது. நாங்கள் உடனே மதிலில் ஓட்டை போட்டு, நீரைத் தெருச் சாக்கடைக்குத் திருப்பிவிட்டோம். "நல்ல வடிகால் அமைத்துவிட்டோம்" என்று அதையும் ஒரு திருப்பணியாகவே எண்ணிக்கொண்டோம்.

நான்காம் ஆண்டு, 2008-ஆம் ஆண்டுச் சித்திரை. விடியற்காலையில் குருக்கள் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் அபிஷேகத்துக்கு நீர் மொள்ளும் செப்புக்குடம். "ஐயா, இதுல ஒரு வாய் குடிச்சுப் பாருங்கோ" என்றார். குடித்தேன். கடல்நீர் என்று சொல்ல முடியாது, ஆனால் உப்பு. நாவில் சிறிது நேரம் தங்கும் உப்பு. "இதைத்தான் பத்து நாளா சுவாமிக்கு வார்த்துண்டிருக்கேன். லிங்கத்து மேல வெள்ளை வெள்ளையாப் படியறது. யார்கிட்டச் சொல்றதுன்னு தெரியலை" என்றார். குறை கூறும் குரலில் அவர் அதைச் சொல்லவில்லை. அதுவே என்னை அதிகம் வருத்தியது.

அவருடைய தந்தையார் காலத்திலிருந்து அந்தக் கிணற்றில் இனிப்பான நீர்தான். கடலுக்கு இத்தனை அருகில் நல்ல தண்ணீர் எப்படி வந்தது என்று நாங்கள் ஒருவரும் அதுவரை எண்ணிப் பார்த்ததில்லை. பொதுப்பணித் துறையில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற அன்பர் ஒருவர் எங்கள் தெருவில் இருந்தார். அவர் கிணற்றடியில் அமர்ந்து விளக்கியதை இங்கே எழுதுகிறேன். மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, திருவான்மியூர் என்று கடலோரத் தலங்களில் வசிக்கும் அன்பர்கள் எல்லோருக்கும் இது பொருந்தும்.

கடலோர மணலுக்கு அடியில் இரண்டு நீர் இருக்கிறது. கீழே கடல்நீர், அதன்மேல், பாலின்மேல் ஆடை போல, மழையால் இறங்கிய நன்னீர். நன்னீர் எடை குறைந்தது. ஆகவே உப்புநீரின்மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓர் அடி உயர்ந்து நின்றால், அந்த எடை கீழேயுள்ள உப்புநீரை ஏறத்தாழ 40 அடி அழுத்தி வைத்திருக்கும். இது அறிவியலார் நெடுங்காலத்துக்கு முன்பே கண்டறிந்த கணக்கு. இதைத் திருப்பிப் பார்த்தால்தான் அச்சம் பிறக்கும். நிலத்தடி நீர்மட்டம் ஓர் அடி நிலையாகக் குறைந்தால், கீழிருந்து உப்புநீர் 40 அடி மேலேறி வர இடம் கிடைத்துவிடுகிறது. நாங்கள் மேலிருந்து இறங்கும் மழையைக் கல்லால் தடுத்தோம். சுற்றியுள்ள அடுக்குமாடி வீடுகளோ ஆழ்குழாய் போட்டுக் கீழிருந்து உறிஞ்சின. அந்த இரண்டுக்கும் நடுவில் சுவாமியின் கிணறு அகப்பட்டுக்கொண்டது.

கோயிலில் குளம் எதற்கு என்று சிறுவர்கள் கேட்டால், கால் கழுவுவதற்கு, தெப்பம் விடுவதற்கு என்று சொல்லிவிடுகிறோம். இரண்டும் உண்மையே. ஆனால் குளத்தின் படிகளைக் கல்லால் கட்டிய நம் முன்னோர் அதன் அடித்தளத்தை மண்ணாகவே விட்டார்கள் என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் அவர்களிடம் பஞ்சமில்லை. வானளாவக் கோபுரம் எழுப்பியவர்களுக்குக் குளத்தின் அடியில் தளம் போடத் தெரியாதா? போடவில்லை. மண்டபத்தின் மேல்தளத்தில் விழும் நீரும் வீதியில் ஓடும் நீரும் குளத்தில் சேரும். குளத்தின் அடிமண் வழியே மெல்லக் கசிந்து மாடவீதி வீடுகளின் கிணறுகளுக்குப் போகும். குளம் நிரம்பினால் ஊர்க் கிணறுகள் ஊறும். கோயிலும் குளமும் நான்கு வீதிகளும் வீட்டுக்கு வீடு முற்றமும் கிணறும் சேர்ந்த ஒரே அமைப்பு அது. ஒரு நகரம் தன் மழையைத் தானே சேமித்துக்கொள்ளும் ஏற்பாடு. இன்றைக்கு நகரமைப்பு வல்லுநர்கள் புதிய பெயர்கள் சூட்டி வரைபடம் போட்டுக் காட்டுவது பெரும்பாலும் இதைத்தான். திருவாரூரில் கோயிலுக்கு எத்தனை வேலி நிலமோ குளத்துக்கும் அத்தனை வேலி என்று சொல்லும் பழமொழியை நீங்கள் கேட்டிருப்பீர்கள். கோயிலுக்கு ஈடாகக் குளத்துக்கு நிலம் ஒதுக்கிய ஊர் அது.

அந்த அமைப்பைச் சென்னை எப்படி இழந்தது என்று விரித்து எழுதினால் இந்தப் பக்கம் போதாது. ஓர் எடுத்துக்காட்டு மட்டும் சொல்கிறேன். மயிலாப்பூருக்கு மேற்கே மாம்பலத்தையும் நுங்கம்பாக்கத்தையும் தொட்டு நீண்ட ஏரி ஒன்று இருந்தது. 1920-களில் அதை வற்றச்செய்துதான் தியாகராய நகரை உருவாக்கினார்கள். மேற்கு மாம்பலத்தில் இன்றும் 'லேக் வியூ ரோடு' என்று ஒரு சாலை இருக்கிறது. அங்கே நின்று பார்த்தால் வீடுகள்தான் தெரியும், ஏரி தெரியாது. நுங்கம்பாக்கத்தில் ஏரி இருந்த பகுதியில்தான் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. பெயரளவில் ஏரிகள் வாழும் ஊர் நம்முடையது.

இதன் விலையை நாம் கொடுத்த ஆண்டு 2019. அந்த ஆண்டை நம் வாசகர்கள் வேறொரு காரணத்துக்காக நினைவில் வைத்திருப்பார்கள். காஞ்சியில் அனந்தசரஸ் திருக்குளத்திலிருந்து அத்திவரதர் எழுந்தருளிய ஆண்டு அது. ஜூலை 1 முதல் ஆகஸ்டு 17 வரை 48 நாள்கள் இலட்சக்கணக்கான மக்கள் வெயிலில் வரிசையில் நின்று சேவித்தார்கள். நானும் நின்றேன். நாற்பது ஆண்டுகள் நீருக்கடியில் பள்ளிகொள்ளும் பெருமாள் அவர். ஒரு குளத்தில் நீர் இருக்கும் என்னும் நம்பிக்கையின் மேல் நடந்துவரும் வழிபாடு அது. அதே நாள்களில் சென்னைக்கு நீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய ஏரிகள் வறண்டு, அடிமண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து தண்ணீர் ஏற்றிய ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. 50 வேகன்களில் 25 இலட்சம் லிட்டர். வந்த ரயிலுக்கு மாலை போட்டு வரவேற்றார்கள்.

அந்தச் செய்தியைப் படித்த அன்று மாலை ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். உங்கள் வீட்டுப் பிள்ளைகளைக் கொண்டு நீங்களும் போட்டுப் பார்க்கலாம். ஒரு சதுர மீட்டர் தளத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது சரியாக ஒரு லிட்டர். சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை. 1,000 சதுர அடி மொட்டைமாடி என்பது 93 சதுர மீட்டர். ஆக, ஒரு சிறிய வீட்டின் தலையில் ஓராண்டில் விழுவது 1,30,000 லிட்டர். ஆவியாவது, சிந்துவது, முதல் மழையில் தளத்தைக் கழுவி விடுவது என்று ஐந்தில் ஒரு பங்கைத் தள்ளினாலும் ஒரு இலட்சம் லிட்டருக்குக் குறையாது. ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், நால்வர் உள்ள குடும்பத்துக்கு ஆறு மாதத்துக்குப் போதும். அந்த ரயில் கொண்டுவந்த நீர் முழுவதும் 24 வீட்டு மொட்டைமாடிகளில் ஓராண்டில் கிடைக்கக்கூடிய நீர்தான். எங்கள் தெருவில் மட்டும் 31 வீடுகள் இருக்கின்றன.

சட்டம் இல்லாமல் இல்லை. 2003-ஆம் ஆண்டிலேயே தமிழகத்தில் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. நல்ல சட்டம், இந்தியாவில் பலரும் பின்பற்ற விரும்பிய சட்டம். அதன் பயனைச் சென்னைக் கிணறுகள் அடுத்து வந்த நல்ல மழை ஆண்டுகளில் கண்டன. பல திருக்குளங்களுக்கு மாடவீதி மழைநீரைக் குழாய்வழித் திருப்பியதும் அதையொட்டித்தான். ஆனால் நாளடைவில் நாம் என்ன செய்தோம்? எங்கள் வீட்டையே சொல்கிறேன். சுவரோரம் ஒரு குழாய், அது இறங்கும் இடத்தில் ஒரு குழி, குழிக்கு ஒரு மூடி. அதிகாரிகள் வந்து பார்த்தார்கள், போனார்கள். பிறகு அந்த மூடியை நான் திறந்தது பதினோர் ஆண்டுகள் கழித்துத்தான். உள்ளே ஜல்லியும் மணலும் சேறாகி இறுகி, அதில் ஓர் அரசங்கன்று முளைத்திருந்தது. சுவாமி படங்களைத் தை மாதம்தோறும் துடைத்துப் பொட்டு வைக்கிறோம். அந்தக் குழியை ஆண்டுக்கு ஒருமுறை துடைக்க நமக்கு நேரமில்லை.

கோயிலுக்கு வருவோம். குருக்கள் கொடுத்த அந்த உப்புத் தண்ணீருக்குப் பின் ஒரு வருடம் வாதத்திலேயே போயிற்று. போட்ட கல்லைப் பெயர்ப்பது அபசாரம் என்றார் ஒருவர். மறுபடி சேறாகும் என்றார் இன்னொருவர். எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது பெயர்கள்தாம். ஒவ்வொரு கல்லிலும் உபயதாரர் பெயர்; பெயரைப் பொறித்துத் தருவதாக வாக்களித்தவன் நான். வில்வமரத்தடியில் பெயர்க்க வேண்டிய கற்களில் ஒன்றில் காலஞ்சென்ற ஒருவரின் பெயர் இருந்தது. அவருடைய மகன் வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் கடுமையாகப் பேசினார். "அப்பா பெயரைத் தொட்டால் வழக்குப் போடுவேன்" என்றார். அவர் கோபத்தில் தவறில்லை. நான் அல்லவா அவரிடம் போய்க் கை நீட்டியவன்? மறுநாள் அவருடைய தாயார் வந்தார். எண்பது வயது இருக்கும். பேரன் கையைப் பிடித்துக்கொண்டு வந்து, அந்தக் கல்லருகே சிறிது நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு சொன்னார்: "எங்க வீட்டுக்காரர் பேரை இத்தனை வருசமா எல்லாரும் மிதிச்சுக்கிட்டுத்தானப்பா சுத்துறாங்க. எடுத்துச் செவுத்துல வையுங்க. அவருக்கு இந்தக் கிணத்துத் தண்ணின்னா உசிரு."

அதன்பின் எதிர்ப்பு அடங்கிவிட்டது. பெயர்த்த கற்களையெல்லாம் மதிலின் உட்புறம் பதித்தோம்.

2009-ஆம் ஆண்டு ஆடியில் வேலை தொடங்கினோம். வலம்வரும் பாதை மட்டும் நான்கு அடி அகலத்துக்குக் கல். அதிலும் இடைவெளிகளில் இருந்த சிமெண்டைச் சுரண்டி எடுத்துவிட்டு ஆற்றுமணல் நிரப்பினோம். பாதைக்கு இருபுறமும் மண். வில்வத்தைச் சுற்றி ஆறு அடிக்கு மண். மண்டபத்தின் மேல்தள நீரைக் குழாயில் இறக்கி, கூழாங்கல்லும் மணலும் அடுக்கிய ஒரு தொட்டி வழியாக வடித்துக் கிணற்றிலேயே விட்டோம். இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. கோயில் விமானத்திலும் மண்டபத்திலும் புறாக்கள் தங்கும். முதலிரண்டு மழையின் நீரைக் கிணற்றுக்கு விடவே கூடாது. வெளியே திருப்பிவிட ஒரு வால்வு வைக்க வேண்டும். எங்கள் கோயிலில் அந்த வால்வைத் திருகும் பொறுப்பு குருக்களின் மகனுக்கு. பிராகாரத்தின் தாழ்ந்த மூலையில் மூன்று அடி விட்டமுள்ள சிமெண்டு உறைகளை 15 அடி ஆழத்துக்கு இறக்கி ஓர் உறைகிணறு அமைத்தோம். தரையில் ஓடிவரும் நீர் அதில் இறங்கிவிடும். எங்கள் பகுதி மணற்பாங்கானது, ஆகவே 15 அடி போதும். களிமண் பூமியில் அவ்வளவு ஆழத்தில் நீர் இறங்காது. களிமண்ணைத் தாண்டி மணல் வரும்வரை போக வேண்டும். உள்ளூரில் கிணறு வெட்டுவோரைக் கேட்டால் எத்தனை அடியில் என்ன மண் வரும் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.

இன்னொன்று. கோமுகி வழியே வரும் அபிஷேக நீரில் பாலும் தயிரும் தேனும் எண்ணெயும் கலந்திருக்கும். புனிதம் என்ற எண்ணத்தில் அதை உறைகிணற்றில் விட்டுவிடாதீர்கள். மண்ணின் துளைகள் அடைபட்டு, நீர் நாற்றமெடுத்துவிடும். ஓர் ஊரில் அப்படி நேர்ந்ததைப் பார்த்திருக்கிறேன். அபிஷேக நீர் நந்தவனத்துக்கு உரியது. எங்கள் கோயிலில் அது வாழைக்கும் செம்பருத்திக்கும் நந்தியாவட்டைக்கும் போகிறது. நிர்மால்யத்தையும் அங்கேயே ஒரு குழியில் இலைச்சருகோடு கலந்து மக்கவைக்கிறோம். பூவோடு வரும் நாரையும் பிளாஸ்டிக் உறையையும் பிரித்தெடுப்பதுதான் பெரும் வேலை. பூக்கடைகளில் வாழையிலையில் கட்டித் தரும்படி கேட்டால் தருகிறார்கள், யாரும் கேட்பதில்லை.

வெயிலில் கால் சுடுமே என்று கேட்பீர்கள். கல்லைவிட மண் குறைவாகத்தான் சுடும். அதற்கு மேல், பங்குனி முதல் ஆனிவரை பாதையில் சணல் விரிப்புப் போட்டுத் தண்ணீர் தெளித்துவிடுகிறோம். வில்வம் இப்போது கிளைபரப்பி மேற்குப் பிராகாரம் முழுவதற்கும் நிழல் தருகிறது. வேருக்கு நீர் போனவுடன் அது பிழைத்த வேகம் எனக்கே வியப்பு. ஒரு கிளை மட்டும் பட்டது பட்டதுதான், வெட்டிவிட்டோம்.

கிணறு உடனே இனித்துவிட்டது என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். அப்படி நடக்கவில்லை. முதல் மழைக்காலத்துக்குப் பின் தையில் உப்பு குறைந்தது. சித்திரையில் மறுபடி தலைகாட்டியது. இரண்டு மூன்று ஆண்டுகள் இப்படியே போயிற்று. எங்கள் ஒரு கோயில் மட்டும் மழையை இறக்கி, சுற்றிலும் எல்லா வீடுகளும் உறிஞ்சினால் வேறென்ன ஆகும்? தெருவில் பன்னிரண்டு வீட்டார் தங்கள் மொட்டைமாடிக் குழாய்களைச் சீர்செய்த பிறகுதான் வேறுபாடு நிலைத்தது. 2015 டிசம்பர் பெருமழையில் எங்கள் உறைகிணறு எதற்கும் உதவவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆறே தெருவுக்குள் வந்தபோது 15 அடிக் குழி என்ன செய்யும்? ஆனால் 2019 கோடையில் தெருவின் ஆழ்குழாய்களில் பாதி உப்பாகவும் மீதி காற்றாகவும் வந்த நாள்களில், கோயில் கிணற்றில் காலையில் இருபது குடம், மாலையில் இருபது குடம் ஊறிற்று. முதற்குடம் சுவாமிக்கு. பிறகு வரிசை.

தனியொரு கோயிலால் ஆகாதது ஊர் சேர்ந்தால் ஆகும் என்பதற்கு மதுரைக்காரர்கள் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தைக் காட்டலாம். திருமலை நாயக்கர் தம் அரண்மனைக்குச் செங்கல் அறுக்க மண் எடுத்த பள்ளமே குளமானது என்றும், அப்போது கிடைத்தவரே மீனாட்சியம்மன் கோயிலின் முக்குறுணிப் பிள்ளையார் என்றும் வழிவழியாகச் சொல்வார்கள். கட்டடம் கட்டத் தோண்டிய குழியை ஊருக்கு நீர்நிலையாக்கிய சிந்தனை அது. வைகையிலிருந்து கால்வாய்வழி நீர் வரும் ஏற்பாடும் இருந்தது. பின்னாளில் அந்த வழிகள் தூர்ந்துபோய், குளம் பல ஆண்டுகள் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடும் திடலாகக் கிடந்தது. தைப்பூசத்துக்குத் தெப்பம் நிலைத்தெப்பமாகவே நின்றது. அண்மை ஆண்டுகளில் பனையூர்க் கால்வாயைச் சீர்செய்து வைகை நீரை மீண்டும் கொண்டுவந்தார்கள். குளம் நிறைந்தது, தெப்பம் மிதந்தது. புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. அடைபட்டிருந்த வழியைத் திறந்துவிட்டார்கள், அவ்வளவே.

இனி, கடிதம் எழுதிய அம்மையாருக்கு.

அம்மா, உங்கள் பகுதி கடலோரம் அன்று. அங்கே நிலத்தடியில் பாறை. ஆகவே எங்களுக்கு நேர்ந்தது போல உப்பு ஏறாது. ஆனால் பாறைக்கு மேலுள்ள மண் எவ்வளவு நீரைப் பிடித்து வைக்கிறதோ அவ்வளவுதான் உங்கள் கிணறுகளுக்கு. அதை மூடினால் ஆழ்குழாய் ஒவ்வொன்றாக வறளும். பிறகு லாரித் தண்ணீர். உங்கள் கணவர் கொடுத்த வாக்கை மாற்ற வேண்டியதில்லை. அதே பணத்தில் வலம்வரும் பாதைக்கு மட்டும் நான்கைந்து அடி அகலத்துக்குக் கல் போடச் சொல்லுங்கள். சிமெண்டு பூசாமல் மணல்மேல் பதிக்கச் சொல்லுங்கள். முதியோர் இடறாமல் நடக்க அது போதும். மீதிப் பணத்தில் கோயில் கிணற்றைத் தூர்வாரி மண்டபத்து நீரை வடிகட்டி அதில் இறக்குங்கள். பாறைப் பகுதியில் புதிதாகக் குழி தோண்டுவதைவிட இருக்கும் பழங்கிணற்றுக்கு நீர் விடுவதே பயன் தரும். கோயிலில் கிணறே இல்லை, மூடிவிட்டார்கள் என்றால் மூடிய இடத்தைக் கேட்டறியுங்கள்; பெரும்பாலும் அதன்மேல் ஓர் அறை கட்டியிருக்க மாட்டார்கள், திறக்கலாம். தலமரத்தைச் சுற்றிக் குறைந்தது ஆறு அடி விடுங்கள். உபயதாரர் பெயர்களைத் தொடக்கத்திலேயே சுவரில் வைத்துவிடுங்கள். நான் பட்ட பாடு உங்களுக்கு வேண்டாம்.

திருப்பணிக் குழுவில் யாரேனும் "மழைக்காலத்தில் சேறாகுமே" என்று மறுபடியும் சொல்வார்கள். ஆகும். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் சில நாள்கள் பாதத்தில் மண் ஒட்டும். வாசலில் ஒரு தொட்டியும் சொம்பும் வையுங்கள்.

பூக்காரப் பெரியவரையும் குழுக் கூட்டத்துக்கு அழையுங்கள். ஐப்பசி பிறக்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. கோயில் வேலை தையில் முடியட்டும். உங்கள் வீட்டு மொட்டைமாடிக் குழாயின் வாயில் அடைத்திருக்கும் சருகை வரும் ஞாயிற்றுக்கிழமையே எடுத்துவிடுங்கள். கீழே குழியின் மூடியைத் திறக்கும்போது கம்பியால் தட்டிவிட்டுத் திறக்கச் சொல்லுங்கள். பல ஆண்டுகள் மூடிக்கிடந்தால் தேளோ பூரானோ இருக்கலாம். தையில் குடமுழுக்கு நடந்தபின் கிணற்றில் எத்தனை அடி நீர் நிற்கிறது என்று ஒரு கயிறு விட்டு அளந்து எழுதுங்கள்.